ஓட்டக்களமும் போர்க்களமும்

நுழையும்முன்

ஓட்டப் போட்டியில் வெல்பவர் ஒருவர், தோற்பவர் பலர். வென்றவரின் பெயர் ஏடுகளில் இடம்பெறுகிறது. தோற்றவர் தம்மை வென்றவரைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை. பின்லாந்து நாட்டின் ஓட்டவீரர் ஒருவர் இளம் படை அதிகாரியாகப் போரில் உயிர்நீத்தார். அவரிடம் தோற்ற மற்றொரு வீரர் அப்போது செய்த ஒரு செயல் இன்றளவும் நினைக்கப்படுகிறது. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் நாடும்

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு பின்லாந்து. ஆயிரக்கணக்கான ஏரிகளும் அடர்ந்த காடுகளும் நிறைந்த நாடு அது. அங்குக் கோடையில் இரவு மிகக் குறுகியது. நாட்டின் வடபகுதியில் நள்ளிரவிலும் கதிரவன் மறைவதில்லை. குளிர்காலத்திலோ பகல் மிகக் குறுகியது. ஏரிகள் உறைந்து, வண்டிகள் செல்லும் சாலைகளாகிவிடும்.

இந்நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் 1910ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் குன்னர் ஹோக்கெர்ட் பிறந்தார். அவருடைய குடும்பம் வசதி படைத்தது. பின்லாந்து மக்களுள் பெரும்பாலோர் பேசுவது பின்னிய மொழி. ஒரு சிறு பகுதியினர் பல நூற்றாண்டுகளாகச் சுவீடிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். ஹோக்கெர்ட் அச்சிறுபான்மையினரைச் சேர்ந்தவர். வீட்டில் ஒரு மொழியும் தெருவில் வேறொரு மொழியும் கேட்டு வளர்வது எத்தகையது என்பதை மாணவர்களே, உங்களுள் பலர் நன்கு அறிவீர்கள். மொழி வேறாயினும் நாடு ஒன்றே என்னும் உணர்வோடு அவர் வளர்ந்தார்.

ஹோக்கெர்ட் பிறந்தபோது பின்லாந்து விடுதலை பெற்ற நாடு அன்று. 1809ஆம் ஆண்டு முதல் அது ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1917ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் பின்லாந்து தன் விடுதலையை அறிவித்தது. அப்போது ஹோக்கெர்ட்டுக்கு வயது ஏழு. அவரும் அவர்தம் நாடும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தனர் என்று கூறலாம்.

பறக்கும் பின்லாந்தியர்

சிறிய நாடான பின்லாந்தை உலகம் அறியச் செய்தவர்களுள் ஓட்டவீரர்கள் முதன்மையானவர்கள். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டியில் ஹன்னெஸ் கோலெஹ்மைனென் என்னும் பின்லாந்து வீரர் மூன்று தங்கப்பதக்கங்களை வென்றார். ஆயினும் அவர் வென்றபோது ஏற்றப்பட்ட கொடி ரஷ்யாவின் கொடியே. அடிமை நாட்டு வீரரின் வெற்றியில் இன்பமும் துன்பமும் ஒருங்கே கலந்திருந்தன.

விடுதலைக்குப்பின் பாவோ நூர்மி என்னும் வீரர் தோன்றினார். ஓடும்போது கையில் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு ஓடுவது அவர் வழக்கம். 1920, 1924, 1928 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் அவர் ஒன்பது தங்கப்பதக்கங்களையும் மூன்று வெள்ளிப்பதக்கங்களையும் வென்றார். அவரையும் அவர் வழிவந்த நெடுந்தொலைவு ஓட்டவீரர்களையும் உலக மக்கள் பறக்கும் பின்லாந்தியர் என அழைத்தனர்.

5,000 மீட்டர் ஓட்டம் பின்லாந்துக்கே உரியது என்று கூறும் நிலை உருவாயிற்று. 1912 முதல் 1932 வரை நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளுள் 1920ஆம் ஆண்டு நீங்கலாக, மற்ற எல்லா ஆண்டுகளிலும் அவ்வோட்டத்தில் தங்கம் வென்றவர் பின்லாந்தியரே. ஹோக்கெர்ட் சிறுவனாக இருந்த காலத்தில், அந்நாட்டுச் சிறுவர்கள் நம் நாட்டுச் சிறுவர்கள் மட்டைப்பந்து வீரர்களைப் போற்றுவதுபோல ஓட்டவீரர்களைப் போற்றினர். அத்தகைய சூழலில்தான் அவர் ஓடக் கற்றார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் தந்த மனக்குறை

ஹோக்கெர்ட்டின் வரலாற்றை அறிய, அவருக்கு முன் 5,000 மீட்டரில் வென்றவரையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அவர் லவ்ரி லெஹ்தினென். ஹோக்கெர்ட்டைவிட ஒன்றரை ஆண்டு மூத்தவர். 1932ஆம் ஆண்டு சூன் திங்களில் 5,000 மீட்டர் தொலைவை 14 நிமிடம் 17 நொடிகளில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்டார்.

இறுதிச் சுற்றில் அமெரிக்க வீரர் ரால்ஃப் ஹில், லெஹ்தினெனை நெருங்கினார். ஹில் வெளிப்புறமாக முந்த முயன்றபோது, லெஹ்தினென் வெளிப்புறம் நகர்ந்தார். ஹில் உட்புறமாக முந்த முயன்றபோது, லெஹ்தினெனும் உட்புறம் நகர்ந்தார். இருவரும் மிகச் சிறிய இடைவெளியில் எல்லைக்கோட்டைக் கடந்தனர். இருவருக்கும் குறிக்கப்பட்ட நேரம் ஒன்றே: 14 நிமிடம் 30 நொடி. தங்கம் லெஹ்தினெனுக்கு வழங்கப்பட்டது.

கூடியிருந்த அமெரிக்க மக்கள் சினங்கொண்டு கூச்சலிட்டனர். ஓடிய வீரர்கள் தங்கள் விருந்தினர் என்பதை மறவாதிருக்குமாறு அரங்கின் அறிவிப்பாளர் மக்களைக் கேட்டுக்கொண்ட பின்னரே கூச்சல் அடங்கிற்று. லெஹ்தினென் வேண்டுமென்றே வழிமறித்தாரா, களைப்பினால் தடம் விலகினாரா என்று மக்கள் நெடுங்காலம் வாதிட்டனர். உலகிலேயே மிக விரைவாக அத்தொலைவை ஓடியவர் அவர். அவர் பெற்ற பதக்கமும் முறையாக வழங்கப்பட்டதே. எனினும், அதன்மீது ஒரு மாசு படிந்துவிட்டது.

பெர்லினில் ஒரு மாலை

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி செருமனியின் பெர்லின் நகரில் நடைபெற்றது. தயான்சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது இப்போட்டியில்தான். செருமனியை ஆண்ட இட்லரின் அரசு, தன் வலிமையை உலகுக்குக் காட்டும் விழாவாக இப்போட்டியைப் பயன்படுத்திக்கொண்டது.

தொடக்க நாள்களிலேயே பின்லாந்தியர் தங்கள் ஆற்றலைக் காட்டினர். 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம், வெள்ளி, வெண்கலம் ஆகிய மூன்றையும் அவர்களே வென்றனர். அதில் தங்கம் வென்றவர் இல்மாரி சல்மினென். ஆகஸ்டு 7ஆம் நாள் நடைபெற்ற 5,000 மீட்டர் இறுதி ஓட்டத்திலும் பின்லாந்தின் சார்பில் மூவர் நின்றனர். ஒருவர் சல்மினென். மற்றொருவர் உலகச் சாதனையாளரும் முன்னாள் வெற்றியாளருமான லெஹ்தினென். மூன்றாமவர் 26 வயதான ஹோக்கெர்ட். மூவருள் புகழில் குறைந்தவர் அவரே.

5,000 மீட்டர் என்பது ஓட்டத்தடத்தை பன்னிரண்டரை முறை சுற்றும் தொலைவு. வேகத்தில் தொடங்கியவர் இடையில் களைத்துவிடுவார். மெல்லத் தொடங்கியவர் பின்தங்கிவிடுவார். உடல் வலிமையைப் போலவே பொறுமையும் கணக்கும் இவ்வோட்டத்திற்கு வேண்டும். அன்று முதலில் முன்னணியில் ஓடியவர் அமெரிக்க வீரர் டான் லாஷ். சுற்றுகள் கழியக் கழிய அவர் பின்தங்கினார். பின்லாந்தியர் மூவரும் முன்னே வந்தனர்.

அப்போது எதிர்பாராத நிகழ்வொன்று நேர்ந்தது. சல்மினென் கால் தடுக்கிக் கீழே விழுந்தார். எழுந்து மீண்டும் ஓடினார். ஆனால், இழந்த இடத்தை அவரால் பிடிக்க இயலவில்லை. ஆறாவதாகவே ஓட்டத்தை முடித்தார். இறுதிச் சுற்றில் முன்னணியில் எஞ்சியவர் ஹோக்கெர்ட்டும் லெஹ்தினெனும் மட்டுமே.

ஹோக்கெர்ட் வேகத்தைக் கூட்டினார். லெஹ்தினெனால் ஈடுகொடுக்க இயலவில்லை. ஹோக்கெர்ட் 14 நிமிடம் 22.2 நொடிகளில் எல்லைக்கோட்டைக் கடந்தார். இது புதிய ஒலிம்பிக் சாதனை. லெஹ்தினென் 3.6 நொடி பின்னால், அதாவது ஏறத்தாழ 20 மீட்டர் இடைவெளியில் வந்தார். சுவீடன் நாட்டு வீரர் ஹென்றி யோன்சன் மூன்றாம் இடத்தையும், சப்பானிய வீரர் கோஹேய் முரகோசோ நான்காம் இடத்தையும் பெற்றனர்.

இங்கு ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வென்றபோது லெஹ்தினென் எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிடம் 30 நொடி. பெர்லினில் தோற்றபோது எடுத்துக்கொண்டது 14 நிமிடம் 25.8 நொடி. வென்ற நாளைவிடத் தோற்ற நாளில் அவர் 4.2 நொடி விரைவாக ஓடியிருக்கிறார். அவர் சோர்ந்து தோற்கவில்லை; தம் பழைய ஒலிம்பிக் ஓட்டத்தினும் சிறப்பாக ஓடியும் தம்மினும் சிறந்தவரிடம் தோற்றார். இம்முறை வழிமறித்தார் என்றோ தடம் விலகினார் என்றோ யாரும் குறை கூற இடமில்லை. வெற்றியும் தூயது, தோல்வியும் தூயது.

ஒரே பருவத்தின் புகழ்

ஹோக்கெர்ட்டின் ஓட்ட வாழ்வில் உச்சமாக அமைந்தது 1936ஆம் ஆண்டு ஒன்றே. பெர்லின் வெற்றிக்குப்பின் அவர் ஓய்ந்துவிடவில்லை. செப்டம்பர் 16ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில் 3,000 மீட்டர் தொலைவை 8 நிமிடம் 14.8 நொடிகளில் ஓடி உலகச் சாதனை படைத்தார். எட்டு நாள்கள் கழித்து அதே நகரில் இரண்டு மைல் தொலைவை 8 நிமிடம் 57.4 நொடிகளில் ஓடினார். அதுவும் உலகச் சாதனையாயிற்று. அதற்கு முன் இரண்டு மைல் சாதனையை வைத்திருந்தவர், பெர்லினில் அவருடன் ஓடிய டான் லாஷ் ஆவார்.

இவ்வாறு ஒரே கோடையில் ஒலிம்பிக் தங்கமும் இரண்டு உலகச் சாதனைகளும் அவரை வந்தடைந்தன. இன்னும் பல ஆண்டுகள் அவர் களத்தை ஆளுவார் என்று மக்கள் எதிர்பார்த்தனர். ஆனால், மூட்டுவாத நோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஓட்டவீரருக்குக் காலே கருவி. அக்கருவி பழுதுபட்டபின் பழைய வேகம் திரும்பவில்லை. புகழின் உச்சியில் நின்றவர் சில திங்களிலேயே களத்தினின்று விலகி நிற்க நேர்ந்தது. அப்போது அவர் முப்பது வயதைக்கூட எட்டவில்லை.

காத்திருந்த அரங்கு

ஹோக்கெர்ட் பெர்லினில் ஓடுவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 1940ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டியை எங்கு நடத்துவது என்று வாக்கெடுப்பு நடைபெற்றது. டோக்கியோவும் ஹெல்சிங்கியும் போட்டியிட்டன. டோக்கியோ வென்றது. பின்னர்ச் சப்பான் சீனாவுடன் போரில் ஈடுபட்டமையால், 1938இல் அவ்வாய்ப்பைக் கைவிட்டது. போட்டியை நடத்தும் உரிமை ஹெல்சிங்கிக்கு வந்தது.

ஹெல்சிங்கியில் அதே ஆண்டு புதிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. அதன் வெண்ணிறக் கோபுரத்தின் உயரம் 72.71 மீட்டர். 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்ற பின்லாந்து வீரர் மாட்டி யார்வினென் ஈட்டியை எறிந்த தொலைவு அதுவே. ஒரு வீரரின் கைவலிமையை அளவாகக்கொண்டு ஒரு நாடு கோபுரம் எழுப்பியது என்றால், அந்நாட்டு மக்கள் விளையாட்டை எவ்வளவு போற்றினர் என்பது விளங்கும்.

ஹோக்கெர்ட் பிறந்த நகரில் அரங்கு காத்திருந்தது. 1940ஆம் ஆண்டு கோடையில் உலக நாடுகளின் வீரர்கள் அங்கு வருவார்கள் என்று நகரமே எதிர்பார்த்திருந்தது. ஆனால், கோடைக்கு முன் ஒரு குளிர்காலம் வந்தது.

குளிர்காலப் போர்

1939ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அப்போது சோவியத் ஒன்றியத்தின் பெருநகரான லெனின்கிராடு, பின்லாந்தின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது. தன் நகரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, நாட்டெல்லையைப் பின்தள்ள வேண்டும் என்றும், படைத்தளம் அமைக்க இடம் தரவேண்டும் என்றும் சோவியத் அரசு கேட்டது. பின்லாந்து இணங்கவில்லை. பேச்சு முறிந்தது. நவம்பர் 30ஆம் நாள் சோவியத் படைகள் எல்லையைக் கடந்தன. அன்றே ஹெல்சிங்கியின்மீது குண்டுகள் வீழ்ந்தன. இதனை வரலாற்றாசிரியர்கள் குளிர்காலப் போர் என்பர்.

இரு நாடுகளின் வலிமையும் ஒப்பிடத்தக்கதன்று. பின்லாந்தின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 37 இலட்சம் மட்டுமே. இன்று நம் நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் அதைவிட மிகுதியான மக்கள் வாழ்கின்றனர். சோவியத் ஒன்றியத்திலோ பதினாறு கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். பீரங்கிகளிலும் கவச ஊர்திகளிலும் வானூர்திகளிலும் பின்லாந்து மிகவும் பின்தங்கியிருந்தது. ஆனால், அதன் வீரர்கள் காட்டையும் பனியையும் அறிந்தவர்கள். வெண்ணிற மேலாடை அணிந்து, பனிச்சறுக்குக் கட்டைகளில் ஓசையின்றிச் சென்று, பகைவரை எதிர்பாராத இடத்தில் தாக்கினர். நாட்டின் படைத்தலைவர் மன்னர்ஹெய்முக்கு அப்போது வயது 72.

நாடு அழைத்தபோது ஆசிரியர், உழவர், தொழிலாளர், மாணவர் எனப் பலரும் களம் சென்றனர். விளையாட்டு வீரர்களும் விலகி நிற்கவில்லை. பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி ஓடும் விரைவோட்டத்தில் 1939ஆம் ஆண்டின் உலக வாகையரான பிர்கெர் வசேனியஸ், 1940ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் போரில் வீழ்ந்தார். பாவோ நூர்மி, மற்றோர் ஓட்டவீரரான தாயிஸ்தோ மாக்கியுடன் அமெரிக்கா சென்று, பல நகரங்களில் ஓட்டங்களில் பங்கேற்றுப் பின்லாந்து மக்களுக்காக நிதி திரட்டினார்.

ஓடும் வலிமையை நோய்க்கு இழந்திருந்த ஹோக்கெர்ட்டும் இளநிலைப் படை அதிகாரியாகக் களம் சென்றார். அவர் போரிட்ட இடம் கரேலிய நிலச்சந்தி. ஒருபுறம் பின்லாந்து வளைகுடாவும் மறுபுறம் இலடோகா என்னும் பேரேரியும் சூழ, இடையில் அமைந்த குறுகிய நிலப்பகுதி அது. லெனின்கிராடிலிருந்து பின்லாந்தின் உள்நாட்டுக்குச் செல்லும் வாயில் அதுவே. ஆதலால் அங்குப் பின்லாந்தியர் அரண்களும் பதுங்குகுழிகளும் அமைத்திருந்தனர். படைத்தலைவரின் பெயரால் அது மன்னர்ஹெய்ம் அரண் எனப்பட்டது.

டிசம்பரில் அவ்வரணின்மீது நிகழ்ந்த தாக்குதல்களைப் பின்லாந்தியர் முறியடித்தனர். சோவியத் படை பின்வாங்கி, மேலும் பெரும்படையைத் திரட்டியது. பிப்ரவரி முதல் நாள் தொடங்கிப் பீரங்கிகள் ஓயாமல் முழங்கின. பகலெல்லாம் குண்டுகளைத் தாங்கிய வீரர்கள், இரவெல்லாம் சிதைந்த பதுங்குகுழிகளைச் சீர்செய்தனர். உறக்கமில்லை, மாற்றி அனுப்ப வேறு படையில்லை, குண்டுகளும் குறைந்துகொண்டே வந்தன. கடுங்குளிரில் இந்நிலை பத்து நாள்கள் நீடித்தது.

பிப்ரவரி 11ஆம் நாள் மாபெரும் தாக்குதல் தொடங்கியது. மன்னர்ஹெய்ம் அரண் ஓரிடத்தில் உடைந்தது. அன்றுதான் குன்னர் ஹோக்கெர்ட் கரேலிய நிலச்சந்தியில் போரிட்டு உயிர்நீத்தார். மறுநாள் பிப்ரவரி 12. அவர் உயிரோடிருந்திருந்தால், அன்று அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும்.

தோற்றவர் அளித்த பதக்கம்

ஹோக்கெர்ட் இறந்த செய்தி லெஹ்தினெனை எட்டியது. ஒருவரோடொருவர் பன்னிரண்டரைச் சுற்றுகள் தோளோடு தோள் ஓடியவர்கள் அவர்கள். இறுதிச் சுற்றில் முன்னே விலகிச் செல்லும் ஹோக்கெர்ட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடியவர் லெஹ்தினென். ஒலிம்பிக் போட்டியில் இரண்டாம் முறை தங்கம் வெல்லும் வாய்ப்பை அவரிடமிருந்து பறித்தவர் ஹோக்கெர்ட்.

லெஹ்தினென் தம் ஒலிம்பிக் தங்கப்பதக்கத்தை எடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் மக்களின் கூச்சலுக்கிடையே வென்ற பதக்கம் அது. வாழ்நாள் முழுவதும் ஒருவர் பெட்டியில் பூட்டி வைத்துப் பாதுகாக்கத்தக்க பொருள். அதனைக் கரேலிய நிலச்சந்திப் போரில் சிறந்த வீரம் காட்டிய ஒரு போர்வீரருக்கு அளித்துவிட்டார். தம்மை வென்று, அதே மண்ணில் வீழ்ந்த ஹோக்கெர்ட்டின் நினைவாகவே அவர் இதனைச் செய்தார்.

இச்செயலின் பொருளை எண்ணிப் பாருங்கள். வென்றவரைப் புகழ்ந்து பேசுவது எளிது. தம்மிடம் உள்ளவற்றுள் அரிய பொருளைத் தம்மை வென்றவரின் நினைவுக்காகக் கொடுப்பது எளிதன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் களத்தில் எதிராக நின்றவர், இப்போது உடன்பிறந்தார்போல் நின்றார். எட்டு ஆண்டுகளாக அப்பதக்கத்தின்மீது படிந்திருந்த மாசும் அந்நாளில் நீங்கிற்று என்று கூறலாம். வென்றபோது பெறாத பெருமையை, கொடுத்தபோது அப்பதக்கம் பெற்றது.

போருக்குப் பின்

105 நாள்கள் நீடித்த குளிர்காலப் போர் 1940ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் முடிவுற்றது. பின்லாந்து தன் விடுதலையைக் காத்துக்கொண்டது. ஆனால், அதற்குப் பெருவிலை கொடுத்தது. ஏறத்தாழ 25,000 பின்லாந்து வீரர்கள் உயிரிழந்தனர். நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு சோவியத் ஒன்றியத்திடம் சென்றது. நான்கு இலட்சம் மக்கள் தம் ஊரையும் வீட்டையும் விட்டுப் புலம்பெயர்ந்தனர். ஹோக்கெர்ட் வீழ்ந்த கரேலிய நிலச்சந்தியும் பறிபோயிற்று. சோவியத் தரப்பில் உயிரிழந்தோர் அதனினும் பன்மடங்கினர். அவர்களும் தாய் தந்தையர் வழிபார்த்திருந்த இளைஞர்களே. போரில் இழப்பு எந்த ஒரு பக்கத்துக்கும் மட்டும் உரியதன்று.

1940ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டி நடைபெறவில்லை. ஹெல்சிங்கியின் அரங்கு வெறுமையாக நின்றது. பெர்லினில் ஹோக்கெர்ட்டுக்குப்பின் மூன்றாவதாக வந்த ஹென்றி யோன்சன், அதே ஆண்டு ஆகஸ்டு திங்களில் 3,000 மீட்டர் ஓட்டத்தில் ஹோக்கெர்ட்டின் உலகச் சாதனையை முறியடித்தார். சாதனை உடைந்தபோது, அதனைப் படைத்தவர் இவ்வுலகில் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தபின், 1952ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் போட்டி தொடங்கியது. 55 வயதான பாவோ நூர்மி ஒலிம்பிக் சுடரை ஏந்தி அரங்கினுள் ஓடிவந்தார். கோபுரத்தின் உச்சியில் சுடரை ஏற்றியவர் ஹன்னெஸ் கோலெஹ்மைனென். 1912ஆம் ஆண்டில் வேற்று நாட்டுக் கொடியின்கீழ் வென்ற அவர், நாற்பது ஆண்டுகளுக்குப்பின் தம் நாட்டுக் கொடியின்கீழ் நின்றார். அவ்விருவருக்கும் பின்வந்த தலைமுறையைச் சேர்ந்த ஹோக்கெர்ட் அவ்விழாவில் இல்லை.

குன்னர் ஹோக்கெர்ட்டின் புகழுக்குரிய காலம் ஒரே ஒரு கோடை. அவர் வாழ்ந்த காலம் முப்பது ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு. அக்குறுகிய வாழ்வில் ஓட்டக்களத்தில் நேர்மையாக வென்றார். போர்க்களத்தில் நாட்டுக்காக நின்றார். அவரை நினைக்கும்போது, அவருக்காகத் தம் தங்கத்தைத் துறந்த லெஹ்தினெனையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒருவருடைய பெருமையை அளக்கச் சிறந்த அளவுகோல், அவரிடம் தோற்றவர்கள் அவர்பால் கொண்ட மதிப்பே ஆகும்.

சொற்பொருள்

அரண் – பாதுகாப்புக்காக அமைக்கப்படும் மதில், குழி முதலியன
நிலச்சந்தி – இருபுறமும் நீர் சூழ்ந்த குறுகிய நிலப்பகுதி
திங்கள் – மாதம்
மாசு – குற்றம், அழுக்கு
வாகையர் – வெற்றி பெற்றவர்
ஈடுகொடுத்தல் – சமமாக நிற்றல்
உயிர்நீத்தல் – இறத்தல்
வழிபார்த்தல் – வருகையை எதிர்நோக்கியிருத்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஹோக்கெர்ட் எங்கு, எப்போது பிறந்தார்? அவருடைய தாய்மொழி யாது?
2. ஹெல்சிங்கி அரங்கின் கோபுர உயரம் எதனை அளவாகக் கொண்டது?
3. கரேலிய நிலச்சந்தி பின்லாந்தின் வாயில் எனப்படக் காரணம் என்ன?

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.
1. 1912ஆம் ஆண்டு கோலெஹ்மைனெனின் வெற்றியில் இன்பமும் துன்பமும் கலந்திருந்தமை ஏன்?
2. வென்ற நாளைவிடத் தோற்ற நாளில் லெஹ்தினென் சிறப்பாக ஓடினார் என்பதைப் பாடத்தில் உள்ள எண்களைக்கொண்டு நிறுவுக.
3. லாஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டத்திற்கும் பெர்லின் ஓட்டத்திற்கும் இடையே உள்ள வேறுபாடுகளை எழுதுக.

இ. விரிவாக விடை எழுதுக.
லெஹ்தினென் தம் பதக்கத்தை அளித்த செயல் குறித்து உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக. நீர் அவரிடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?

ஈ. பிரித்து எழுதுக.
1. போர்க்களம் 2. நாட்டெல்லை 3. தங்கப்பதக்கம் 4. பேரேரி

உ. கணக்கிடுக.
ஹோக்கெர்ட் பெர்லினில் 5,000 மீட்டரைப் பன்னிரண்டரைச் சுற்றுகளில் ஓடினார். ஒரு சுற்றுக்குச் சராசரியாக எத்தனை நொடிகள் ஆயின? விடையை எழுத்தால் எழுதுக.

ஊ. பேசுவோம்.
வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறொரு மொழியும் பேசும் உம் பட்டறிவை வகுப்பில் ஐந்து தொடர்களில் கூறுக.